பட்டம் இழுத்த பரிசல்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எல்லாரும் என்னைப் பெற்ற அத்தாவிடம் நல்லதாகவே சொன்னார்கள். நகைக்கல் பட்டறையில் பட்டை தீட்டுகிறவர், ஐந்து வேளையும் தொழுகிறவர், வெற்றிலைகூடப் போடமாட்டார் என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மனுஷன் தரையைப் பார்த்து நடக்கமாட்டார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

திருச்சியில் எங்கள் தெருப்பக்கம் இருந்த கல் பட்டறைகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆண்கள் மொட்டை மாடிக்கோ ஆற்று மணலுக்கோ பட்டம் விடப் போய்விடுவார்கள். சின்னப் பையன்கள் இல்லை. தாடி வைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். வாரமெல்லாம் கடுகத்தனை கல்லைக் குனிந்து பார்த்த கண்ணுக்கு அண்ணாந்து பார்த்தால்தான் ஆறுதல் என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஆறுதல் என்றால் நிலாவைப் பார்க்க வேண்டியதுதானே?

எனக்கும் பட்டம் தெரியும். கம்பரசம்பேட்டைக்கு மேற்கே, காவிரிக்கரையில் என் அம்மா வீடு. அந்த வீட்டு மாடியில் அண்ணன்களோடு நின்று, மாஞ்சா நூலில் விரலை அறுத்துக்கொண்டு, அவர்கள் பட்டங்களையே அறுத்து விட்டவள் நான். பெரியவளானதும் மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். அதனால் என் வீட்டுக்காரர் பட்டமும் கையுமாகக் கிளம்பும்போதெல்லாம் நான் முறைத்தேன். கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதிதான் கோபம்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆற்று மணலில் பெரிய பட்டம் ஒன்றை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கால் வலித்ததால் கரையோரம் பாதி தண்ணீரில் கிடந்த காலிப் பரிசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். காற்று ஓங்கி அடித்தது. பரிசல் நகர்ந்தது. அன்றோடு அவருக்கு வேறு நினைப்புப் போயிற்று.

இரவு படுக்கையில் என் காதுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். ஒரு துணித் திரைக்கு அந்தப் பக்கம் என் மாமியார் படுத்திருப்பார்கள். மாமிக்குப் பகலில் காது மந்தம். விளக்கை அணைத்தால் நன்றாகக் கேட்கும்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பது. ஆறும் மேற்கிலிருந்து கிழக்கேதான் போகிறது. "அதுல காத்தாடியக் கட்டி என்ன பண்ணப் போறீங்க? சும்மா உக்காந்திருந்தாலே ஆறு கொண்டு போயிரும்ல?" என்று கேட்டேன்.

அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அப்படிக் கேளு புள்ள! ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் காத்து கெழக்கேருந்து வருதுல்ல? அப்பக் கட்டுனா ஆத்த எதுத்து மேக்கால போகலாம். போறப்ப காத்து இழுக்கும், வர்றப்ப ஆறு இழுக்கும். நாம சும்மா உக்காந்திருக்கலாம்."

திரைக்கு அந்தப் பக்கம் மாமி இருமினார்கள். நாங்கள் தூங்கிவிட்டோம்.

முதல் தடவை நூலைக் கையில் பிடித்துக்கொண்டு பரிசலில் ஏறியிருக்கிறார். பரிசல் ஆட்டுரல் குழவி போலச் சுற்றியது. கரைக்கு வந்து மதியச் சோற்றை வாந்தி எடுத்தார். அப்புறம் நூலைப் பரிசலின் விளிம்பில் ஓரிடத்தில் கட்டினார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய சாக்கைக் கட்டித் தண்ணீரில் இழுபடவிட்டார். சாக்கு பின்னால் பிடித்து இழுக்க, பட்டம் முன்னால் இழுக்க, பரிசல் சுற்றாமல் நேராகப் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவருடைய முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட அந்த முகம் இல்லை. அதை நான் அவரிடம் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

காகிதப் பட்டம் நனைந்து கிழிந்ததால் துணியில் ஒன்று செய்தார். மூங்கிலைச் சீவிக் கட்டி, அதன் மேல் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை இழுத்துத் தைத்தார். என்னைவிட உயரம். வெளியே போகும்போது நாங்கள் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி இருக்கிறதே, அதில் என்னுடையது ஒன்று பெட்டியிலிருந்து காணாமல் போயிருந்தது. நான் கேட்கவில்லை. என் துணியாவது வெளியே போய்ப் பறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பினாங்குப் பேச்சு வந்தது.

என் மாமனாரின் தம்பி பினாங்கில் கடை வைத்திருந்தார். துணைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பட்டறையில் வேலை மந்தமாயிருந்த காலம். "தை கடைசியில நாகப்பட்டினத்துல கப்பல். நீ போயிட்டு வா" என்று மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். இவர் "சரிங்கத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் குழம்புச் சட்டியை மறுபடியும் அடுப்பிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

போயிட்டு வா என்றால் நாலு நாளில் வருவது இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் அப்படித்தான் போனார். அவர் முதல் தடவை திரும்பி வந்தபோது மூத்த பையன் ஓடிப்போய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இவுங்க?" என்று கேட்டான். அந்த அக்கா சிரித்தாள். நான் பார்த்ததிலேயே மோசமான சிரிப்பு அதுதான். எனக்கு அப்படி ஒரு காலம் வேண்டாம். என் புருஷன் என்னோடு இருக்க வேண்டும், பட்டம் விட்டுக்கொண்டாவது இருக்கட்டும். அதை நான் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கே சொல்வது? பகலில் அவர் ஆண்கள் பக்கம், நான் அடுப்படி. இரவில் மாமியின் காது. ஒரு நாள் குசுகுசுவென்று, "நீங்க போக வேணாம்" என்றேன். "அத்தா சொல்லிட்டாங்கள்ல" என்று அவரும் குசுகுசுத்தார். அதற்கு மேல் நகரவில்லை. குசுகுசுவென்று ரகசியம் பேசலாம், சண்டை போட முடியாது. அழவும் முடியாது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு மாமிக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமாவிடம் நேரே கேட்கிற பேச்சே இல்லை. எங்கள் குடும்பங்களில் மருமகள் மாமனார் முன்னால் வாய் திறப்பதில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என் குரல் எப்படி இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியாது. சோறு ஆயிற்று என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து வளையலைக் குலுக்குவேன்.

கப்பலேறுவதற்கு முன்னால் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை எங்களை அனுப்பினார்கள். ஜும்மா முடிந்ததும் ஜட்கா வந்தது. நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறினேன். வண்டி மேற்கே திரும்பவேண்டிய இடத்தில் வடக்கே ஆற்றுப் பக்கம் திரும்பியது. இவர் ஜட்காக்காரரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் திருட்டுக் களை.

மணலில் பரிசல் தயாராக இருந்தது. பட்டறை சிநேகிதர் ஒருவர் வெள்ளைப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மரியாதையாகப் பட்டத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"உங்க அம்மா வீடு வரைக்கும் ஆத்துலயே போயிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "ஒனக்குக் காட்டாம கப்பலேற மனசு வரல."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இந்த மனுஷன் எனக்குக் கொடுக்க நினைத்தது இதைத்தான், அவரிடம் இருந்ததும் இதுதான் என்று தோன்றியது. அதோடு, நடு ஆற்றில் மாமி கிடையாது. என்ன வேண்டுமானாலும் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். துப்பட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பட்டம் எழும்பியது. நூல் விறைத்தது. பரிசலின் விளிம்பு கிறீச்சென்றது. அப்புறம், அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், தண்ணீர் ஒரு பக்கம் போக நாங்கள் மறுபக்கம் போனோம். துடுப்புச் சத்தம்கூட இல்லை. இடது கையில் மலைக்கோட்டை பின்னால் நகர்ந்தது. வலது கையில் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்புகளும் அதற்கு மேலே கோபுரங்களும் மெதுவாகத் திரும்பின. கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சொம்பும் கையுமாக நின்றுவிட்டார்கள். என் துப்பட்டி பின்னால் நழுவித் தோளில் விழுந்தது. தலையில் காற்றுப்பட்டு எத்தனை காலமாயிற்று! எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வானத்தைத்தான் பார்த்தார்.

"இந்தாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"நீங்க பினாங்குக்குப் போகக் கூடாது."

"ம். காத்து கொஞ்சம் வடக்கே திரும்புது பாரு."

"நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விழுது, விழுது" என்றார். விழவில்லை. நாக்கின் நுனியில் எல்லாம் வந்து நிற்கிறது, எதிரில் உட்கார்ந்திருக்கும் புருஷனுடைய கழுத்தும் மோவாயும்தான் எனக்குத் தெரிகின்றன.

அப்போதுதான் தெற்குக் கரையிலிருந்து ஒரு பச்சைப் பட்டம் எழும்பியது. வெள்ளிக்கிழமை மற்றவர்களும் பட்டம் விட வருவார்கள் என்பதை இவர் மறந்தேபோயிருந்தார். அடுத்த தெருப் பட்டறைக்காரர்கள் மணலில் கூடியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. வானத்தில் ஏறிவிட்ட பட்டம் யாருடையது, எதற்கு ஏறியது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஏறிவிட்டால் சண்டைக்கு வந்ததாகத்தான் அர்த்தம். இவ்வளவு பெரிய வெள்ளைப் பட்டம், கீழே பரிசல் இருக்கிறதா, பரிசலில் பொண்டாட்டி இருக்கிறாளா என்றெல்லாம் எவன் பார்ப்பான்?

எங்கள் நூலில் மாஞ்சா கிடையாது. பரிசலை இழுப்பதற்காகக் கட்டிய வெறும் முறுக்கு நூல். பேசாமல் பட்டத்தை இறக்கிவிட்டுத் துடுப்பைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எந்தப் படகுக்காரனும் அதைத்தான் செய்திருப்பான். என் வீட்டுக்காரர் படகுக்காரர் இல்லையே!

"வர்றான் பாரு, வர்றான் பாரு!" என்று எழுந்து நின்றார். விளிம்பில் கட்டியிருந்த நூலை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

"இறக்குங்க! நம்ம நூல்ல மாஞ்சா இல்ல!"

"அவன்கிட்டப் போயி இறக்குறதா?"

"அப்ப இழுக்காதீங்க, விட்டுக் குடுங்க! விடுங்க, விடுங்க!" நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் புத்தி எங்கோ போய்விட்டது. நூல் விளிம்பிலிருந்து அவிழ்ந்ததும் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. மலைக்கோட்டை வந்தது, கோபுரம் வந்தது, மறுபடி மலைக்கோட்டை வந்தது. அவர் இழுத்தார். பச்சைப் பட்டம் சாய்ந்து குறுக்கே ஓடியது. அவ்வளவுதான். நூல் தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. கரையில் ஓவென்று கூச்சல். பட்டமாகியிருந்த என் துப்பட்டி ஆடி ஆடி மேற்கே, என் அம்மா வீட்டுப் பக்கமாகப் போயிற்று. நாங்கள் போகாவிட்டாலும் அதுவாவது போனது.

துடுப்பு எந்தச் சுற்றில் நழுவியது என்று இருவருக்கும் தெரியாது. ஆறு பரிசலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்து நடு ஆற்றில் ஒரு மணல் திட்டில் சொருகியது. நல்லவேளை, தை மாதம் என்பதால் வெள்ளமில்லை. ஆனால் திட்டுக்கு இரண்டு பக்கமும் ஆழம்.

"நீந்திப் போயி ஒரு பரிசலக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் மணலைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது புள்ள."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அழுதிருக்கலாம். சிரித்திருக்கலாம். நான் சண்டை போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து குசுகுசுத்ததெல்லாம் முழுக் குரலில் வந்தது. நீச்சல் தெரியாமல் பொண்டாட்டியை ஆற்றில் இறக்கியதில் ஆரம்பித்து, துப்பட்டிக்குப் போய், பினாங்குக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் சிரிப்பைச் சொன்னேன். "நாளைக்கு எனக்கொரு புள்ள பொறந்து, உங்களப் பாத்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? காத்தாடி விடுறவருன்னு சொல்லவா?" என்று கேட்டேன். எதிரொலிக்கக்கூட அங்கே சுவர் இல்லை. எவ்வளவு கத்தினாலும் ஆறு வாங்கிக்கொண்டது.

அவருக்கு அண்ணாந்து பார்க்க வானத்தில் ஒன்றும் இல்லை. என்னைத்தான் பார்த்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் கண் நிறைந்திருந்தது.

"எனக்கு மட்டும் போக ஆசையா?" என்றார். "அத்தா முன்னால நின்னா எனக்கு சரிங்கத்தாங்கற வார்த்தையத் தவிர ஒண்ணும் வரமாட்டேங்குது. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

"இன்னிக்கு வரணும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா, வீட்டுக்குப் போன ஒடனே சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு அந்தத் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஈரக் காலை மணலில் புதைத்துக்கொண்டார். நானும் புதைத்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாயங்கால அசர் தொழுகைக்கு நேரம் வந்ததும் ஆற்றிலேயே கைகால் முகம் கழுவி ஒளூச் செய்து, மணலில் தொழுதோம். நான் என்ன கேட்டுத் துஆ செய்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்ரீரங்கத்துக் கரையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. அதில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் டவுனுக்கு வந்துகொண்டிருந்தார். பரிசல்காரரிடம் சொல்லி எங்கள் பக்கம் திருப்பச் சொன்னவர் அவர்தான். நாங்கள் ஏறியதும் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, ஆத்துக்காரிய நடு ஆத்துல உக்காத்தி வச்சுண்டு காத்தாடிச் சண்டையா போடுவா? ஏதோ பெருமாள் கிருபை, மணல்ல ஒதுங்கினேள்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, "ஆனா அது எதிர்த்துண்டு போனது பாரு, நான் இந்தக் கரையிலேருந்து பாத்துண்டே இருந்தேன். பெருமாளைச் சேவிக்கற மாதிரி இருந்தது" என்றார். இவர் முகம் மலர்ந்து, சாக்குக் கட்டிய விஷயத்தை அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் இடித்தேன். நிறுத்தினார்.

டவுன் கரையில் ஜட்கா நின்றது. பட்டம் அறுந்ததைப் பார்த்ததும் ஜட்காக்காரர் பயந்துபோய் நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டியிருக்கிறார். வண்டிக்குப் பக்கத்தில், குடையை மணலில் ஊன்றிக்கொண்டு மாமா நின்றார். நான் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இறங்கிப் போய்த் தன் அத்தாவின் முன்னால் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"அத்தா..." என்றார்.

"ம்."

"காத்து நல்லாத்தாங்கத்தா இருந்துச்சு. நூலுதான்..."

"ம்."

"மாஞ்சா போட்டிருந்தா அறுந்திருக்காதுங்கத்தா."

எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் நூலைப் பற்றிச் சொல்வார், சாக்கைப் பற்றிச் சொல்வார், வீட்டுக்குப் போனதும் சாப்பிட உட்காருவார், தை கடைசியில் நாகப்பட்டினத்துக்குப் போவார். அவருடைய முதுகைப் பார்த்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எனக்கு அந்த முதுகின் மேல் அவ்வளவு பிரியம் வந்தது, அவ்வளவு ஆத்திரமும் வந்தது.

"மாமா" என்றேன்.

ஜட்காக்காரர் குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் பரிசலைப் பார்த்தார், அப்புறம் என் பக்கம் பார்த்தார்.

"அவுங்களுக்குப் பினாங்கு போக இஷ்டமில்லைங்க மாமா. எனக்கும் அவுங்கள அனுப்ப இஷ்டமில்லைங்க. அவுங்க சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

மாமா மகனைப் பார்த்தார். "அப்படியாடா?"

இவர் தலையை ஆட்டினார்.

மாமா குடையை மணலிலிருந்து பிடுங்கி, அதன் நுனியில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துப் பேசினார். "இவன் எதுக்கும் சரிம்பான், அது எனக்குத் தெரியும். அதான் ஒன் மாமிகிட்ட நிதமும் கேட்டேன், புள்ள அழுவுதா, ஏதும் சொல்லுதான்னு. ஒரு சொட்டு அழலீங்க, காலையில சிரிச்ச முகமா காப்பி கொண்டாருதுன்னா. சரி, அதுக்கும் அனுப்ப இஷ்டம்தான் போலன்னு நெனச்சுட்டேன்." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அழுதிருக்கக் கூடாதாம்மா நீ?"

நான் துப்பட்டியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

"வண்டியில ஏறு. ஒங்க அம்மா காத்துக்கிட்டிருக்கும். பினாங்குக்கு நான் சொல்லிக்கிறேன்." மகன் பக்கம் திரும்பினார். "நீ நடந்து வாடா."

ஜட்கா மேட்டில் ஏறி மேற்கே திரும்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பின்னால் மணலில் நின்ற மாமாவுக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டு, சத்தமாக அழுதுகொண்டே போனேன்.